டைம்ஷீட்டில் ஒரு வரி: மதுரை மென்பொருள் அலுவலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களிலும், கே.கே. நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு மாடிகளிலும் மென்பொருள் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே மேனேஜர், டீம் லீட் என்று பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் அலுவலகத்துக்குக் காலையில் வந்து உட்காருகிற பிள்ளைகள் டெர்மினலைத் திறந்ததும் முதலில் அடிக்கிற கமாண்ட் எங்கள் கருவியினுடையது என்பது அவர்கள் எங்களுக்கு அனுப்புகிற புகார்களிலிருந்தே தெரிகிறது.

2019-இல் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த சின்னக் கருவி அது. கண்டெய்னர் என்றால் ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துத் தனிப் பெட்டி மாதிரி ஓட்டுவது; அதை ஓட்டுகிற மென்பொருள்கள்தான் டாக்கரும் பாட்மேனும். டாக்கரோ பாட்மேனோ மெஷினில் எது இருந்தாலும் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு புராஜெக்டுக்கு வேண்டிய கண்டெய்னர்களை எல்லாம் ஒரே கமாண்டில் எழுப்பும், நிறுத்தும், லாகைக் காட்டும், டிஸ்க்கில் சேர்ந்த பழைய இமேஜ்களை (கண்டெய்னரை உருவாக்குகிற அச்சுகளை) கூட்டித் தள்ளும். எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் வேலைக்காகத்தான் எழுதினோம். தினமும் நீளநீளமாக எட்டு கமாண்ட் அடிக்கச் சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் நண்பர் ஒருவர் கேட்டார், அவர் அலுவலகத்துக்குப் போனது, அங்கிருந்து வேலை மாறியவர்களோடு அடுத்த அலுவலகத்துக்குப் போனது, கல்லூரி லேபுகளுக்கும் போனது. கருவியின் மூல நிரலைத் திறந்துதான் வைத்திருக்கிறோம், யாரும் எடுத்துப் புழங்கலாம், காசு கிடையாது. நாலு பேரில் ஒருவர் சென்னைக்கும் ஒருவர் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், அவர்களுக்கு இப்போது வேறு வேலை, குடும்பம், நேரமில்லை. மீதி இரண்டு பேர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கிறோம்.

உங்களிடம் கேட்க வந்த விஷயத்துக்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

2022-இல் ஒரு சனிக்கிழமை இரவு, பதினொரு மணி இருக்கும், ஒரு போன். "அண்ணே, டேட்டாவைக் காணோம்ணே." அந்தத் தம்பி வேலை பார்க்கும் அலுவலகம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் போட்டுக் கொடுத்திருந்தது. கடை மூடியதும் புதுப் பதிப்பு ஏற்றலாம் என்று டேட்டாபேஸ் கண்டெய்னரை நிறுத்தியிருக்கிறான். டிஸ்க்கில் இடம் பத்தவில்லை என்று வந்திருக்கிறது. சரி, குப்பையைக் கூட்டுவோம் என்று எங்கள் கருவியின் சுத்தம் செய்யும் கமாண்டை அடித்திருக்கிறான். நாங்கள் அதற்குள்ளே என்ன வைத்திருந்தோம் என்றால், டாக்கரில் பயன்படாததை எல்லாம் அழிக்கிற சிஸ்டம் புரூன் கமாண்டை, வால்யூம்களையும் (கண்டெய்னரின் டேட்டா தங்குகிற இடங்களையும்) சேர்த்து அழி என்ற கூடுதல் குறிப்போடு. சிஸ்டம் புரூன் முதலில் நின்றுபோன கண்டெய்னர்களை எல்லாம் எடுத்துவிடும். கண்டெய்னர் போனதும் அதன் வால்யூம் யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும். யாரோடும் ஒட்டாத வால்யூம் என்றால் அதன் கணக்கில் குப்பை. அன்றைக்கு இருந்த டாக்கர் பதிப்பில் பெயர் வைத்த வால்யூமும் சேர்ந்தே போய்விடும். கடையின் டேட்டாபேஸ் அந்த வால்யூமில்தான் இருந்தது.

முந்தின நாள் ராத்திரி எடுத்த பேக்கப் இருந்தது. போனது ஒரு நாள் வியாபாரம், அதுவும் சனிக்கிழமை வியாபாரம். ஞாயிறு காலையில் வெள்ளனவே நானும் கடைக்குப் போனேன். பேக்கிங் கவுன்டரில் ஒரு மரக்கட்டையில் அடித்த கம்பியில் அன்றைய பில் நகல்களைக் குத்தி வைத்திருந்தார்கள். கடைசி பில் மேலே, முதல் பில் அடியில், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. சில பில்களில் அந்த ஓட்டை சரியாகத் தொகையின் மேல் விழுந்திருந்தது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டியிருந்தது. நான் படிக்க, அந்தத் தம்பி அடிக்க, மத்தியானம் மூன்றரை வரைக்கும் ஆனது. கடைக்காரர் திட்டவில்லை. "போனது போச்சு தம்பி, இனிமே போகாமப் பாத்துக்கங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தப்பு எங்களுடையது. அந்தத் தம்பி செய்தது நியாயமான காரியம். சுத்தம் என்று பெயர் வைத்த கமாண்ட் அழிக்கும் என்று அவனிடம் யார் சொன்னார்கள்? திருத்தம் என்னவென்று அன்று இரவே தெரிந்துவிட்டது. வால்யூமை அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் பெயர், அளவு, எப்போது உருவானது, எந்த புராஜெக்டைச் சேர்ந்தது என்று வரிசையாகக் காட்ட வேண்டும், அந்தப் பெயரைக் கையால் அடித்தால்தான் அழிக்க வேண்டும், சும்மா 'சரி' என்று ஒய் (y) எழுத்தை அழுத்தினால் போதாது. நிரலாகப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வராது. ஆனால் அது உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. ஏன் மூன்று வாரம் என்பதுதான் இந்த மடலின் காரணம்.

எழுதுவது ஒரு மணி நேரம். அதை டாக்கரின் பழைய பதிப்பில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை, பாட்மேனில் ரூட் உரிமையோடு (மெஷினின் முழு அதிகாரத்தோடு) ஒருமுறை, ரூட் இல்லாமல் ஒருமுறை, உபுண்டுவில், ஃபெடோராவில் என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நிஜமாகவே ஒரு வால்யூமை உண்டாக்கி, டேட்டா போட்டு, கண்டெய்னரை நிறுத்தி, அழியாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் இரண்டு பேரிடமும் இருந்தது ஆளுக்கொரு லேப்டாப். அலுவலக வேலை முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஒரு நாளைக்கு ஒன்று என்று பார்த்து முடிக்க மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் பழைய கமாண்ட் உங்கள் மெஷின்களில் அப்படியே இருந்தது. இன்னொரு போன் வந்துவிடுமோ என்ற நினைப்பிலேயே தூங்கினேன்.

(புரூன் என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது, கவாத்து. நம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் வருஷா வருஷம் சொல்லுகிற சொல்தான். கவாத்து பண்ணுகிறவர் எந்த உயரத்தில் வெட்டுவது என்று செடியைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை வைப்பார். கருவியின் தமிழ்ச் செய்திகளில் இப்போது அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறோம்.)

ஒரு கருவியை எழுதி முடித்தால் அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எங்கள் நிரலில் ஒரு எழுத்து மாறாவிட்டாலும் அதற்குக் கீழே இருக்கிறதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. பல கண்டெய்னர்களைச் சேர்த்து எழுப்புகிற டாக்கர் கம்போஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது பைத்தானில் எழுதிய தனி நிரல், நடுவில் ஹைபன் போட்டு அடிப்போம். அப்புறம் கோ மொழியில் திருப்பி எழுதி டாக்கருக்குள்ளேயே சேர்த்தார்கள், பழையதற்கு 2023 ஜூலையோடு அப்டேட் நின்றது. இந்த மாற்றத்தில் ஒரு சின்ன விஷயம்: பழைய கம்போஸ் கண்டெய்னருக்குப் பெயர் வைக்கும்போது புராஜெக்ட் பெயர், சர்வீஸ் பெயர், எண் மூன்றையும் அடிக்கோடு போட்டு இணைக்கும். புதியது ஹைபன் போட்டு இணைக்கிறது. அவ்வளவுதான், ஒரு கோடு கீழே இருந்து நடுவுக்கு ஏறியது. எங்கள் கருவி அடிக்கோட்டைத் தேடிக்கொண்டே இருந்தது. எல்லாக் கண்டெய்னரும் ஓடிக்கொண்டிருக்கும்போது "எதுவும் ஓடவில்லை" என்று பச்சை எழுத்தில் காட்டியது. அதை நம்பி ஒருவர் மறுபடி எழுப்பினார், போர்ட் (நெட்வொர்க்கில் ஒரு நிரலுக்கு உரிய வாசல் எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வந்தது, அரை நாள் போர்ட்டைத் தேடி அலைந்தார்.

அதைக் கண்டுபிடித்துத் திருத்தியது நாங்கள் இல்லை. வடபழஞ்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். கண்டெய்னரை அதன் பெயரை வைத்துத் தேடாதீர்கள், கம்போஸ் ஒவ்வொரு கண்டெய்னரிலும் லேபிள் ஒட்டுகிறது, அந்த லேபிளை வைத்துத் தேடுங்கள், அது இரண்டிலும் ஒன்றுதான் என்று எழுதி, நாலு வரித் திருத்தத்தையும் அனுப்பியிருந்தார். மிகச் சரியான திருத்தம், பெயரை நம்பியதே எங்கள் தவறு. அனுப்பிய நேரம் ராத்திரி ஒன்று பத்து, விடுதி அறையிலிருந்து, சொந்தக் கணக்கில். கீழே ஒரு வரி: "அண்ணா, ரிலீஸ் குறிப்பில் என் பெயர் போட வேண்டாம். ஆபீஸ் நேரத்தில் இதைப் பார்த்தேனா என்று கேட்பார்கள்."

அந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவர் கண்டுபிடித்த பக் அவருடைய அலுவலகத்தில் ஐம்பது பேரைத் தொல்லை பண்ணிக்கொண்டிருந்தது. அதைத் தீர்த்த மனுஷி அதை ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் டைம்ஷீட்டில் அதற்கு வரி இல்லை. கிளையன்ட் வேலை, மீட்டிங், லீவ், டிரெய்னிங், எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. நாம் தினமும் புழங்குகிற கருவியைச் சரிபார்த்தேன் என்பதற்கு இல்லை.

நான் கேட்பது அந்த ஒரு வரி. உங்கள் அலுவலகத்தில் ஒரு ஆளுக்கு, வாரத்தில் ஒரு அரை நாள். வெள்ளிக்கிழமை மத்தியானமோ, உங்களுக்கு எது வசதியோ. அதை வெளிப்படையாக வேலை நேரமாகக் கணக்கில் எழுத அனுமதி கொடுங்கள். பணம் அனுப்பட்டுமா என்று இரண்டு அலுவலகங்கள் நல்ல மனதோடு கேட்டன, நன்றி. ஆனால் பணத்தை வைத்துக்கொண்டு நான் ராத்திரி பதினொன்றுக்கு மேல் இன்னொரு ஆளாக ஆக முடியாது.

பாட்மேன் சங்கதி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகார்களில் பாதி அங்கிருந்துதான். 2021 ஆகஸ்ட் கடைசியில் டாக்கர் டெஸ்க்டாப்புக்கு உரிம விதியை மாற்றினார்கள், 250 பேருக்கு மேல் இருக்கிற அல்லது வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனம் காசு கட்ட வேண்டும் என்று. நம்மூர் சின்ன அலுவலகங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தவில்லை, ஆனால் கிளையன்ட் பெரிய நிறுவனமாக இருந்தால் அவர்கள் பாட்மேனுக்கு மாறச் சொல்லும்போது நாமும் மாற வேண்டியதுதான். "டாக்கர் என்ற இடத்தில் பாட்மேன் என்று போட்டால் போதும்" என்பார்கள். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில்தான் எங்கள் ராத்திரிகள் போகின்றன.

பாட்மேனில் பின்னணியில் எப்போதும் ஓடுகிற டீமன் கிடையாது, ரூட் உரிமை இல்லாமல் சாதாரணப் பயனர் கணக்கிலேயே ஓட்டலாம். பாதுகாப்புக்கு அது நல்லது, நான் அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் சாதாரணப் பயனர் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க லினக்ஸ் இயல்பாக விடாது, அதனால் 80-ஆம் போர்ட் கேட்டால் அனுமதி இல்லை என்று வரும். அதைவிடக் குழப்பமானது இன்னொன்று. ஒரு அலுவலகத்திலிருந்து தினமும் மாலை ஆறரைக்கு டெஸ்ட் சர்வர் செத்துப்போகிறது, காலையில் தானாகச் சரியாகிவிடுகிறது என்று எழுதினார்கள். நான்கு நாள் லாகைத் துருவினோம். கடைசியில் பார்த்தால், அந்தக் கண்டெய்னர்களை எழுப்பிய தம்பி ஆறரைக்கு சர்வரிலிருந்து லாக்-அவுட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். அவன் கணக்கின் செஷன் முடிந்ததும் அதற்குள் ஓடிய கண்டெய்னர்களும் முடிந்துவிடுகின்றன. அந்தக் கணக்குக்கு லிங்கர் என்ற அமைப்பை ஒருமுறை இயக்கிவிட்டால் போதும், செஷன் முடிந்தாலும் நிற்காது. இப்போது கருவி எழுப்பும்போதே அதைப் பார்த்து எச்சரிக்கிறது. ஆனால் அந்த நாலு நாளில் அந்த அலுவலகத்தில் யாராவது ஒருவர் எங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ஆறரைக்கு யார் கிளம்புகிறார்கள் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். எங்களுக்கு லாக் மட்டும்தான் தெரியும், உங்கள் அலுவலகம் தெரியாது.

பதிப்பு வித்தியாசமும் சாதாரணம் இல்லை. உபுண்டு 22.04-இல் இயல்பாகக் கிடைக்கும் பாட்மேன் 3.4. கண்டெய்னர்களை சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்துகிற நிரல்) சேவையாக எழுதி வைக்கிற குவாட்லெட் வசதி 4.4-இல், 2023-இல்தான் வந்தது. அந்த வசதியைக் கருவியில் சேர்க்கச் சொல்லி எட்டு பேர் கேட்கிறார்கள், எட்டு பேரில் ஐந்து பேர் மெஷினில் இருப்பது 3.4. எதைச் செய்வது, யாரை விடுவது என்று முடிவெடுக்கக்கூட உங்கள் ஆட்கள் எங்களோடு இருந்தால்தான் நியாயமாக இருக்கும்.

கல்லூரி லேப் கதையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன், இது நல்ல கதை. திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியில் அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பைத்தான் இமேஜ் ஒன்று, போஸ்ட்கிரெஸ் இமேஜ் ஒன்று இறக்கினார்கள். லேப் முழுவதும் வெளியே போவது ஒரே ஐபி முகவரியில். அப்போது, இமேஜ்கள் இறங்குகிற பொதுத் தளமான டாக்கர் ஹப்பில் கணக்கு இல்லாமல் இறக்குகிறவர்களுக்கு ஒரு ஐபிக்கு ஆறு மணி நேரத்தில் நூறுதான் என்று 2020 நவம்பரிலிருந்து வரம்பு. நூற்றிருபது கேட்டால் என்ன ஆகும்? கடைசி வரிசைப் பிள்ளைகள் வெறும் பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த லேப் உதவியாளர் எங்களுக்குப் புகார் எழுதவில்லை, தீர்வை எழுதி அனுப்பினார். மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினில் ரெஜிஸ்ட்ரியை (இமேஜ் கிடங்கை) கேஷாக, அதாவது உள்ளூர்ச் சேமிப்பாக ஓட்டி, ஒருமுறை இறங்கிய இமேஜை மற்றவர்கள் அங்கிருந்தே எடுக்கும்படி செய்து, எங்கள் கருவி அந்த மெஷினைத் தானாகத் தேடிக்கொள்ள ஒரு அமைப்பையும் சேர்த்தார். அவருடைய முதல்வர் அதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார் என்று பிறகு சொன்னார். இன்று உங்களில் எத்தனை அலுவலகம் அந்த வசதியைப் புழங்குகிறதோ, அத்தனையும் அந்த இரண்டு மணி நேரத்தில் விளைந்தது.

இதற்கு நேர்மாறாக, நிரலை எடுத்துத் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டியதை மட்டும் திருத்திக்கொள்கிற பழக்கமும் இருக்கிறது. உரிமம் அனுமதிக்கிறது, நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் 2024 ஜனவரி கடைசியில் ரன்சி என்ற அடித்தளத்தில் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். டாக்கர், பாட்மேன் இரண்டுக்கும் கீழே கண்டெய்னரை உண்மையில் பிறப்பிக்கிற நிரல் பல மெஷின்களில் ரன்சிதான். அந்த ஓட்டை வழியாகக் கண்டெய்னருக்குள் இருப்பவர் வெளியே மெஷினின் கோப்புகளைத் தொட முடியும். திருத்திய பதிப்பு 1.1.12. இரண்டே நாளில் எங்கள் கருவியின் சோதனைக் கமாண்டில் அதைச் சேர்த்து, அதற்குப் பழையது இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும்படி செய்தோம். தனிப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு வரி வரவே இல்லை. ஒருவர் இரண்டு மாதம் கழித்துத்தான் தற்செயலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

உங்களில் நிறையப் பேர் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். குடிமராமத்து என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்த் தண்ணீரில் பாய்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் மண்வெட்டியோடு வருவார், வரத்துக்கால் தூர் வாருவார்கள், மடையைப் பார்ப்பார்கள். 2017-இல் அரசே அந்தப் பெயரில் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இலந்தைக்குளம் என்ற பெயரிலேயே குளம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிற நாம், வீட்டுக்கு ஒரு ஆள் என்று நம் தாத்தாக்கள் வைத்திருந்த கணக்கை அலுவலகத்துக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ள முடியாதா?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று ஓரளவு தெரியும். கிளையன்ட் நேரத்துக்குக் காசு கொடுக்கிறார், அதில் எப்படி என்பீர்கள். போர்ட்டைத் தேடி அரை நாள், லாகைத் துருவி நாலு நாள், அதுவும் கிளையன்ட் நேரத்தில்தான் போகிறது, அது உங்கள் கணக்கில் "டிபக்கிங்" என்று எழுதப்படுகிறது, அவ்வளவே. ரகசியம் வெளியே போய்விடும் என்பீர்கள். உங்கள் புராஜெக்டின் ஒரு வரிகூட எங்களுக்கு வேண்டாம். பிழைச் செய்தி, டாக்கர் அல்லது பாட்மேன் பதிப்பு, இயங்குதளம், அடித்த கமாண்ட், இந்த நாலும் போதும், அதையும் பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பலாம். புதுப் பையன்களுக்கு இதெல்லாம் புரியாது என்பீர்கள். வந்து ஆறு மாதமானவர்கள்தான் எங்களுக்கு முதலில் வேண்டும், ஏனென்றால் எந்தச் செய்தி புரியவில்லை என்று அவர்களால்தான் சொல்ல முடியும். எனக்கு எல்லாச் செய்தியும் புரிகிறது, எழுதியது நான்தானே.

எங்கள் பக்கத்திலிருந்து சில உறுதிகள். வருகிற ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வாரத்துக்குள் பதில், வேண்டாம் என்றாலும் ஏன் வேண்டாம் என்ற காரணத்தோடு. எதையும் அழிக்கிற கமாண்ட் எதுவும் இரண்டு பேர் வேறு வேறு மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் இனி வெளியே போகாது. ரிலீஸ் குறிப்பில் திருத்தியவர் பெயர் இருக்கும், அவர் வேண்டுமென்றால் உங்கள் அலுவலகத்தின் பெயரும் இருக்கும். வடபழஞ்சிப் பெண்ணிடம் நான் மறுபடி கேட்டேன், அவர் இன்னும் யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவருடைய மேனேஜர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அது யார் என்று தேட வேண்டாம். உங்கள் டீமில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில் போடுங்கள், இனி இந்த வேலையை டைம்ஷீட்டில் எழுதலாம் என்று.

இப்போது திறந்து கிடக்கும் புகார்கள் 37. அதில் முதலில் எடுக்கப்போவது, கண்டெய்னர் லாக் அளவு வரம்பில்லாமல் வளர்ந்து டிஸ்க்கை நிறைப்பது. டாக்கரின் இயல்பான லாக் முறையில் அளவு வரம்பு நாம் போட்டால்தான் உண்டு, அது தெரியாமல் டிஸ்க் நிறைந்ததும் எல்லோரும் வால்யூமை அழிக்கப் போகிறார்கள், மறுபடி விளக்குத்தூண் கதைதான். அடுத்து, நான்கு பாட்மேன் பதிப்புகளில் எழுப்புவதும் நிறுத்துவதும் தானாக ஓடிப்பார்க்கிற சோதனை. அதற்கு ஒரு பழைய டெஸ்க்டாப் கிடைத்தாலே போதும், எட்டு ஜிபி ராம் இருந்தால் நல்லது. உங்கள் ஸ்டோர் ரூமில் அப்படி ஒன்று கட்டாயம் கிடக்கும்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கே.கே. நகரில் எங்கள் அறையில் இருப்போம், முகவரி கருவியின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆளை அனுப்பும்போது, பெயர் வைத்த வால்யூமையும் அழித்துவிடுகிற டாக்கர் 23-க்கு முந்தைய பதிப்பு ஓடுகிற லேப்டாப் ஏதாவது இருந்தால் கொடுத்து அனுப்புங்கள், எங்களிடம் இருந்த கடைசி மெஷின் போன மாதம் போய்விட்டது.